இறங்காத மின்னோட்டம்

பேராசிரியர் ஷமீமாவுக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் ஆய்வு செய்த ஏசுவடியானுக்கு ஐம்பத்தொன்று. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்தவர். மேடம் வாயைத் திறந்தால் இவர் நோட்டைத் திறப்பார். அவ்வளவு மதிப்பு.

ஏழு வருடம் ஓடிவிட்டது. மாதக் கடைசியில் ஆய்வுப் பதிவு காலாவதி ஆகிறது.

கண்ணாடித் துண்டில் துத்தநாக ஆக்சைடை மெல்லிய படலமாகப் பூசி, புற ஊதா வெளிச்சத்தை உணரும் கருவி செய்வது ஏசுவடியானின் வேலை. புற ஊதா விளக்கைப் போட்டால் மின்னோட்டம் ஏற வேண்டும். அணைத்தால் சட்டென்று இறங்க வேண்டும். ஏறுவது என்னவோ ஏறிற்று. இறங்குவேனா என்று அடம்பிடித்தது. மனிதர் தலைகீழாக நின்று பார்த்தார். ஒவ்வொரு முறையும் படலத்தை ஓவனில் சூடாக்கித்தான் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிந்தது.

"இது வெளங்காது, மேடம். பதிவை ரத்து பண்ணிக்கிடுதேன்" என்றார் ஒருநாள்.

 ஓவனிலிருந்து எடுத்து ஆறியிருந்த இரண்டு படலங்களை ஷமீமா கையில் எடுத்தார்.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க, சார்."

கதவு சாத்தப்பட்டது. ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தபோது இரண்டும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன.

"ஒண்ணுக்கு மட்டும் விளக்கைக் காட்டினேன். சாப்பிட்டு வந்து எதுன்னு சொல்லுங்க."

சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வந்து, விளக்கைப் போடாமலே இரண்டையும் மீட்டரில் அளந்தார். முதலாவதில் முள் அசையவே இல்லை. இரண்டாவதில் எகிறிற்று.

"ரெண்டாவது, மேடம்."

"நிச்சயமாவா?"

"சத்தியமா."

"பெட்டிக்குள்ள மின்சாரம் கொடுத்தோமா?"

"இல்லையே. சும்மாதான் கெடந்துச்சு."

"மின்சாரமே இல்லாம, பார்த்ததை மறக்காம வச்சிருக்கிற கம்ப்யூட்டர் நினைவகம் வேணும்னுதான் சார் ஊர்ப்பட்ட ஆளுங்க தேடுறாங்க."

ஏசுவடியான் அந்தக் கண்ணாடித் துண்டையே பார்த்தார். நகத்தளவு இருந்தது. என்ன பொருளடா இது என்று மலைத்துப் போனார்.

"இறங்காத அளவெல்லாம் குறிச்சு வச்சிருக்கீங்களா?"

"தேதி வாரியா இருக்கு, மேடம். ஏழு நோட்டு. அத்தனையும் தோத்தது."

"அது ஏழு வருஷமா சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு, சார். நீங்கதான் ஒவ்வொரு தடவையும் ஓவன்ல வச்சு வாயை அடைச்சிட்டீங்க."