கேள்விக்குக் கை மிச்சமில்லை

அந்த உயர்நிலைப் பள்ளிக்குப் புதுப் பாடத்திட்டம் வந்து சேர்ந்தது. இனிமேல் பிள்ளைகள்தான் கேள்வி கேட்க வேண்டுமாம். தலைமையாசிரியர் திருவேங்கடம் அசரவில்லை. தற்காலிக ஆசிரியை செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வகுப்பைப் பார்க்க வர்றார். எதைக் கேட்டாலும் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சா வலது கை, தெரியலேன்னா இடது கை. வலது கையை மட்டும் பார்த்து எழுப்பும்மா. சொதப்பினா வேற வேலை தேடிக்க."

செங்கமலம் பழக்கினாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி கேட்கக் கேட்க வகுப்பே கை தூக்கியது. திருவேங்கடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"சரி, இப்போ நீங்க என்னைக் கேளுங்க" என்றார் அதிகாரி. ஒரு கையும் எழவில்லை.

"ஏம்மா இப்படி?" என்று செங்கமலத்தைக் கேட்டார் அதிகாரி.

செங்கமலம் பணிவாகச் சொன்னாள்: "தெரிஞ்சவங்களுக்கு வலது கை, தெரியாதவங்களுக்கு இடது கைன்னு சார் ஒதுக்கிட்டாருங்க. கேள்வி கேட்கக் கை மிச்சமில்லை."

திருவேங்கடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "பள்ளிக்கூடம் முழுக்க இந்த மாற்றத்தை இனி இந்த அம்மாவே நடத்தட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி.

திங்கட்கிழமை வகுப்பில், "எந்தக் கையை வேணும்னாலும் தூக்குங்க, எதை வேணும்னாலும் கேளுங்க" என்றாள் செங்கமலம். வெகுநேரம் கழித்து முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். செங்கமலத்துக்கு உயிர் வந்தது.

"டீச்சர், என்ன கேள்வி கேட்கணும்னு போர்டுல எழுதிப் போடுங்க. நாளைக்கு மனப்பாடம் பண்ணிட்டு வந்துடறோம்."