தங்கப்பழத்தின் ரேகை போன விதம்

தங்கப்பழம் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியையும் ஆறவைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது கரிசல்குடியில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஏறாத கம்பம் கிடையாது. இது மட்டும் புளுகு இல்லை. அப்படிப்பட்ட மனுஷர் அன்று காலை ரேஷன் கடையில், உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றுக்கு முன்னால் விரலை நீட்டிக்கொண்டு, தேங்காய் திருடி மாட்டிக்கொண்டவரைப் போல நின்றார்.

விஷயம் இதுதான். கார்டில் பேர் உள்ள எல்லோரும் கடைக்கு வந்து ரேகை வைத்து, இன்னார் நான்தான் என்று பதிந்துவிட்டுப் போகவேண்டும். அன்றைக்குக் கடைசி நாள். பதியாதவர் பேரை எடுத்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. தங்கப்பழம் இதற்கு முன் இரண்டு தடவை வந்தும் பெட்டி அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் மனைவி கோமதிக்கு முதல் தடவையே பதிவாகிவிட்டது. அன்று அவர் செருப்பை மாட்டும்போது கோமதி சொன்னாள்:

"எப்படியாவது பதிஞ்சிட்டு வாங்க. உங்க பேரை எடுத்துட்டா கார்டுல நான் ஒத்தையா நிப்பேன். பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?"

அந்த வார்த்தை வழியெல்லாம் அவர் கூடவே வந்தது. கோமதி அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பார். அவள் சிரிக்கவில்லை.

"இன்னொரு விரலை வைங்க அண்ணாச்சி" என்றாள் செண்பகவல்லி. கடையை நடத்துகிறவள் அவள்தான். அதிகம் பேசமாட்டாள், கோபப்படவும் மாட்டாள்.

தங்கப்பழம் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். எண்ணெய் தடவி வைத்தார், துடைத்து வைத்தார், வேட்டியில் தேய்த்து வைத்தார். பெட்டி ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கைக் காட்டிக் 'கீ' என்றது.

"உசிரோட இருக்கிறதை ஒரு பெட்டிகிட்டச் சொல்லவேண்டியிருக்கு. அதுவும் நம்ப மாட்டேங்கு" என்றார்.

"பெட்டிக்கே உம்மளப் பத்தித் தெரிஞ்சுபோச்சு வே" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஆவுடையப்பன். பேப்பர் ஏஜென்ட். தங்கப்பழத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். பேப்பர் விற்றாலும் செய்தியெல்லாம் போனில்தான் படிப்பார். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

செண்பகவல்லி வழி சொன்னாள். "ரேகை விழாதவங்களுக்குக் கண்ணைப் பாக்கிற மிஷின் இருக்கு. மூணு கடைக்கு ஒண்ணுதான். இப்ப மேட்டுப்பட்டி கடையில இருக்கு. அங்க முடிச்சிட்டுக் கொடுத்து விடுதோம்னாங்க. ஒரு மணி நேரம் ஆகும், உக்காருங்க."

தங்கப்பழம் வேப்பமரத்து நிழலில் கிடந்த காலிச் சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்தார். மனசுக்குள் வேறொரு கவலை. போன வருஷம்தான் வலது கண்ணில் புரை எடுத்திருந்தது. ரேகையும் இல்லை, கண்ணும் இல்லை என்று பெட்டி சொல்லிவிட்டால் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? வரிசை முழுக்க அவர் கையையே பார்த்தது. அவருக்கு அடுத்து நின்ற வேலம்மாளின் விரலும் அதற்குள் ஐந்து தடவை 'கீ' வாங்கிவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். அவளும் மரத்தடிக்கு வந்து, கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தாள்.

ஆவுடையப்பன் விடவில்லை. "ஏன்வே, எல்லாருக்கும் இருக்கிற ரேகை உமக்கு மட்டும் எங்க போச்சு?"

கம்பியும் கயிறும் முப்பத்தோரு வருஷம் உரசித் தேய்த்த விரல் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். உண்மை அதுதான். ஆனால் அதைச் சொன்னால் அனுதாபம்தான் கிடைக்கும். தங்கப்பழத்துக்கு அனுதாபம் ஒத்துக்கொள்ளாது. அவர் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பெரிய புயல் அடிச்ச வருஷம் தெரியும்லா. கரிசல்குடிக்கும் டவுனுக்கும் நடுவுல கம்பி அறுந்து போச்சு. ஒட்டுப்போடக் கையில கம்பி இல்ல. டவுன்ல ஆபீசரு தவிக்காரு, ஊரே தவிக்கி. நான் கம்பத்துல ஏறி ஒரு முனையை வலது கையில புடிச்சேன், இன்னொரு முனையை இடது கையில புடிச்சேன். மூணு நாளு. ஊர்ப் பேச்சு பூரா எனக்குள்ள ஓடிச்சு."

"மூணு நாளும் சோறு?"

"கோமதி ஏறி வந்து ஊட்டிட்டுப் போனா."

"கோமதி மதினி கம்பம் ஏறுவாகளா?"

"என்கிட்டக் கத்துக்கிட்டா. மூணாம் நாளு எனக்கு ஒரு தும்மல் வந்துது. அடக்கிப் பாத்தேன், முடியல. அந்த நேரம் பாத்து ஒரு மில்லு முதலாளி தன் பொண்ணுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டு இருக்காரு. தும்மல்ல வார்த்தை இடம் மாறிப்போச்சு. சிவகாசி மாப்பிள்ளைன்னு பேசினது, அந்தப் பக்கம் சாத்தூர் மாப்பிள்ளைன்னு கேட்டுப்போச்சு. முகூர்த்தத்தன்னைக்குச் சாத்தூர்க்காரன் மாலையோட வந்து நிக்கான்."

"பொண்ணு ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாளே. தும்மினவரு நூறு வருஷம் நல்லா இருக்கணும்னு சொன்னா. இப்ப ஆப்புல பொருத்தம் பாத்துக் கல்யாணம் பண்ணுதாங்க, பெரிய புரட்சின்னு நீரு நியூஸ் வாசிக்கீரு. நான் ஒரு தும்மல்ல முடிச்சவன். அவ்வளவு பேச்சும் இந்த விரல் வழியாத்தான் போச்சு. வாய்க்கால்ல தண்ணி ஓடினா கரை அரிக்குமா அரிக்காதா? அப்படி அரிச்சதுதான் முதல் ரேகை."

வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. தங்கப்பழம் ஓரக்கண்ணால் வேலம்மாளைப் பார்த்தார். அவள் இன்னும் தலையை நிமிர்த்தவில்லை.

"சரி, மிச்ச ஒன்பது விரலு?" என்றார் ஆவுடையப்பன்.

"வாரேன், அவசரப்படாதீரும். மூணு நாளு கரண்டைக் குடிச்ச உடம்புலா? அது உள்ளேயே தங்கிப்போச்சு. செல்போன் வந்த காலத்துல ஊருல நாலு நாளு கரண்டு இல்ல. சார்ஜ் போட வழியில்லாம சனங்க பைத்தியம் புடிச்ச மாதிரி அலையுது. பேச ஆளு இல்லாம வீட்டுக்கு வீடு புருசனும் பொஞ்சாதியும் ஒருத்தரோட ஒருத்தர் பேச வேண்டியதாப் போச்சு. அதுல ரெண்டு வீட்டுல சண்டை. நான் பாத்தேன், இது ஊருக்கு ஆகாது. திண்டுல சாஞ்சு படுத்துக்கிட்டு, கொண்டாங்கன்னேன். ஒரு விரலுக்கு இருபது போனு. மொத்தம் இருநூறு போனு. கோமதி சும்மா இருக்காளா, கால் கட்டைவிரல்ல மிக்ஸி வயரைச் சுத்திட்டா."

"மிக்ஸியில என்ன அரைச்சாக?"

"தேங்கா சட்னி. கொஞ்சம் திப்பி திப்பியாத்தான் இருந்துச்சு. லோ வோல்டேஜ்."

ஆவுடையப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைப் பார்த்தார். "இந்தக் கூத்தை விடும். இங்க பாரும் நியூஸை. இனிமே எல்லா வேலையும் மிஷினே பாத்துருமாம். டாக்டரு, வக்கீலு, வாத்தியாரு ஒருத்தரும் வேண்டாமாம்."

"வரிசையில நிக்க ஒரு மிஷின் கண்டுபிடிச்சிருக்கானா பாரும்."

"அது இல்ல."

"பின்ன என்ன கிழிச்சான்?"

"இன்னொண்ணு போட்டிருக்கான். அந்தச் செயற்கை அறிவு இருக்குலா, அது சில நேரம் இல்லாததை இருக்குன்னு அடிச்சுச் சொல்லுதாம். நடக்காத வழக்கை நடந்ததுன்னு சொல்லி, ஒரு ஊர்ல வக்கீலே ஏமாந்துட்டாராம். ஏன் இப்படிப் பண்ணுதுன்னு அதைச் செஞ்சவங்களுக்கே சரியாப் புடிபடலையாம்."

தங்கப்பழம் சாக்குக்கட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதை வெளிய சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். அது என்கிட்டப் படிச்சது."

"எது?"

"அந்த அறிவுதான். ரெண்டு பேரு கழுத்துல அட்டையை மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க. ஐயா, எங்க மிஷினு எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கு, ஆனா சனங்க அதுகூடப் பத்து நிமிஷம் உக்கார மாட்டேங்காங்க, நீங்க வந்து கொஞ்சம் பேச்சுச் சொல்லிக் கொடுக்கணும்னான். பிளேன்ல கூட்டிட்டுப் போனான். நம்ம தெப்பக்குளம் அகலத்துக்கு ஒரு ஹாலு. உள்ள பீரோ பீரோவா மிஷினு. குளிருன்னா குளிரு, எனக்கு ரெண்டு கம்பளி. முதல் நாளு நான் கேட்டேன், ஏய், எங்க ஊரு ஆவுடையப்பனைத் தெரியுமான்னு. தெரியாதுன்னுட்டு."

"தெரியாதுன்னா தெரியாதுன்னுதானே சொல்லணும்?"

"அங்கதான் தப்பு. தெரியாதுன்னு சொல்லுதவனை எவன் மதிப்பான்? நான் சொன்னேன், தம்பி, வாயில வாரதை நிறுத்தாமச் சொல்லு, சொல்லும்போது குரல் மட்டும் நடுங்கக்கூடாது, எதிர்த்துக் கேட்டான்னா 'நல்ல கேள்வி'ன்னு பாராட்டிட்டு மறுபடியும் அதையே சொல்லுன்னேன். கற்பூரம் மாதிரி புடிச்சுக்கிட்டு. நாலாம் நாளு என்னைத் தெரியுமான்னு கேட்டேன். தெரியுமே, நிலாவுக்கு முதல் போன் லைன் இழுத்தவர் நீங்கதானேன்னுது."

"அது புளுகுலா?"

"எனக்கே கூச்சமாப் போச்சு வே. நான் அம்புட்டுத் தூரம் போறவன் இல்ல. போதும், என்னை ஊருக்கு அனுப்புங்கன்னேன். கிளம்பும்போது ஒரு கண்ணாடியில பத்து விரலையும் வைக்கச் சொன்னான். வச்சேன். எடுத்தா விரலு மட்டும்தான் வருது, மிச்சம் இருந்த ரேகை பூரா அங்கேயே ஒட்டிக்கிட்டு. சிஷ்யன் குருவுக்குக் காணிக்கை கொடுப்பான்னு கேள்விப்பட்டிருக்கோம். இவன் குருகிட்டயே உருவிக்கிட்டான்."

இந்தத் தடவை செண்பகவல்லியே மூட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு, சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் பையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில் வேலம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அண்ணாச்சி, என் விரல்லயும் ரேகை இல்லங்காங்க. நான் எந்த ஊருக்கும் போகலையே. பன்னெண்டு வயசுல இருந்து தீப்பெட்டி ஆபீஸைத் தவிர ஒண்ணும் பாத்ததில்ல."

முந்தானையிலிருந்து கையை எடுத்து அவரிடம் நீட்டினாள். விரல் நுனிகளெல்லாம் பசையும் மருந்தும் தின்று, கழுவிய கூழாங்கல்லைப் போல வழவழப்பாக இருந்தன. தங்கப்பழத்துக்கு வாயில் இருந்த கதை சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி ஒட்டுவ தாயி?"

"ரெண்டாயிரம் வரும். சில நாள் கூட."

"அப்ப கணக்கு சரியா இருக்கு. ஒவ்வொரு பெட்டியிலயும் கொஞ்சூண்டு ஒட்டிக்கிட்டுப் போயிருக்கு. உன் ரேகை தொலையல வேலம்மா. டெல்லி வரைக்கும் போயி, ஒவ்வொரு வீட்டு அடுப்பாங்கரையிலயும் உக்காந்திருக்கு. காலையில எவ வீட்டுல டீ கொதிச்சாலும் உன்னைக் கேட்டுத்தான் கொதிக்கி."

எல்லோரும் அடுத்த கேள்விக்காக ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். அவர் செருமிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டார். வேலம்மாள் தன் கையை முதல் தடவையாகப் பார்க்கிறவளைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதை மறுபடி முந்தானைக்குள் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டரை பஸ்ஸில் மேட்டுப்பட்டியிலிருந்து மஞ்சள் பைக்குள் மிஷின் வந்து இறங்கியது. பைனாகுலரில் பாதியை வெட்டி வைத்தது போல இருந்தது. செண்பகவல்லி அதை மாட்டிவிட்டு வேலம்மாளை முதலில் கூப்பிட்டாள். அவள் கண்ணை வைத்த மாத்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. "ஆச்சுக்கா, போகலாம்" என்றதும் வேலம்மாள் நம்பாமல் இன்னொரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

அடுத்தது தங்கப்பழம். வலது கண்ணை வைத்தார். சிவப்பு. இமையை விரலால் விரித்துப் பிடித்து வைத்தார். சிவப்பு. அவர் காதுக்குள் கோமதியின் குரல் கேட்டது. கார்டில் அவள் பேர் மட்டும் தனியாக நிற்கிற மாதிரி கண்ணுக்குள் ஓடியது. வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. ஆவுடையப்பன் பக்கத்தில் வந்து நின்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அது ஆபரேஷன் பண்ணின கண்ணுவே. மத்ததை வையும்."

இடது கண்ணை வைத்தார். மூச்சை விடாமல் நின்றார். மிஷின் அவரை எத்தனை நேரம் பார்த்ததோ, பெரிய ஆபீசர் மனுவைப் படிக்கிற மாதிரிதான் இருந்தது. பிறகு பச்சை எரிந்தது. 'தங்கப்பழம், வயது 66' என்று திரையில் வந்தது.

ஆவுடையப்பன் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். தங்கப்பழம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நின்றிருந்த ரத்தம் மறுபடி ஓடத்தொடங்கியதும் வாயும் திறந்துகொண்டது.

"இந்த இடது கண்ணை மட்டும் எப்படிக் கண்டுக்கிட்டுன்னு கேளுங்க. இந்தக் கண்ணுக்கும் மேல சுத்துற சேட்டிலைட்டுக்கும் ஒரு பழைய பழக்கம். ஒரு நாளு நான் கம்பத்து உச்சியில இருக்கேன், அது அந்தப் பக்கமா வருது..."

செண்பகவல்லி சீட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, கண்ணைக் கேட்டதோட விட்டாங்களேன்னு சந்தோஷமா வீட்டுக்குப் போங்க. வாயை வச்சுப் பதியணும்னு உத்தரவு வந்திருந்தா, உங்க புளுகு தாங்காம மிஷின் வெடிச்சு, கடையோட சேத்துக் கார்டும் போயிருக்கும்."