தலைதட்டும் பாடம்

கடம்பராயர் அரசவையில் அன்று காது கிழிந்தது. வரி நெல்லை மரக்கால் என்னும் அளவுப் பாத்திரத்தால் அளக்கும் நாற்பது பேர் வரிசையாக நின்று ஒரே குரலில் ஒப்பித்தார்கள்: “மரக்காலை நிரப்பு! தலையைத் தட்டு! குவித்து அளப்பது குற்றம்!”

“ஆறு மாதப் பயிற்சி, அரசே. ஒருவன்கூடத் தவறவில்லை” என்று மீசையை நீவிக்கொண்டார் வரித்துறைத் தலைவர் ஆவுடையப்பர். அரசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பரிசாக ஒரு மாந்தோப்பையே தரத் தயாராகிவிட்டார்.

அவை விகடன் திருமேனிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. போன அறுவடையில் இதே ஆட்கள் மரக்காலின் விளிம்போடு தட்டிச் சமமாக்காமல் நெல்லைக் கோபுரமாகக் குவித்து அளந்தார்கள். கீழப்பத்துக் குடியானவர்கள் ஊரையே காலி செய்யக் கிளம்பிவிட்டார்கள். “அடுத்த முறை நியாயமாக அளப்பார்கள், நான் பொறுப்பு” என்று கெஞ்சி நிறுத்தியவன் திருமேனிதான்.

“அரசே, வாய் ஒப்பித்துவிட்டது. கையையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே?” என்றான்.

“நாளைக் காலை இவர்கள் களத்துக்குப் போகிறார்களே! அதற்குள் எப்படி?”

“மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே காட்டுகிறேன்.”

சற்று நேரத்தில் கீழப்பத்துக் குடியானவன் மாரப்பன் களஞ்சிய வாசலில் ஒரு நெல்மூட்டையை இறக்கினான். அரசர், ஆவுடையப்பர், திருமேனி மூவரும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். ஒப்பிப்பதில் முதலாவதாக வந்த சடையன் மரக்காலை நிரப்பினான். தட்டவில்லை. குவித்தான். அதுவும் போதாதென்று இடக்கையால் அணைகட்டி இன்னும் இரண்டு பிடி போட்டான்.

“சாமி, தலையைத் தட்டுங்க!” என்றான் மாரப்பன்.

“எனக்கே பாடம் சொல்றியா? தள்ளி நில்லு!”

ஆவுடையப்பர் அசடு வழிந்தார். “பழைய கைப்பழக்கம், அரசே. இரண்டு பிடி கூடினால் என்ன குடி முழுகிப் போகும்?”

“ஆகா, என்ன பெருந்தன்மை!” என்றான் திருமேனி. “மாரப்பன் மூட்டையைச் சுமந்து வந்தவன் மட்டும்தான். நெல் தங்கள் வயலில் விளைந்தது. தாங்கள் கட்ட வேண்டிய வரியென்று நான்தான் தங்கள் பண்ணையிலிருந்து வரவழைத்தேன்.”

ஆவுடையப்பர் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். “அடப்பாவி! அது என் நெல்லுடா! தலையைத் தட்டுடா!”

சடையன் மரக்காலைப் போட்டுவிட்டுக் கும்பிட்டான். “மன்னிக்கணும் ஐயா! உங்க நெல்லுன்னு முன்னாலேயே சொல்லியிருந்தா, நீங்க சொல்லிக்கொடுத்தபடியே அளந்திருப்பேனே!”

அரசர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திருமேனிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மாந்தோப்பு அவனுக்குக் கிடைத்தது. மறுநாள் பயிற்சி முதலிலிருந்து தொடங்கியது. வாத்தியார், மாரப்பன். முதல் வரிசையில் மரக்காலும் கையுமாக ஆவுடையப்பர்.