ஆளவந்தார் உட்கார்ந்த இடம்

நகரம் நாலு பக்கமும் வீங்கிக்கொண்டே போக, நடுவில் பழசாகிக் கிடந்த செக்கடித் தெருவுக்கும் ஒருநாள் 'பசுமைத் தெரு' திட்டத்தின் யோகம் அடித்தது. திட்ட அதிகாரி ஆளவந்தார் வந்தார். இரும்புச் சட்டத்தில் அடுக்கடுக்காகப் பூந்தொட்டி வைப்பாராம். அதற்கு இடம் வேண்டுமென்று தெருவிலிருந்த ஒரே புங்கமரத்தை வெட்டச் சொன்னார்.

மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்த ரஞ்சிதம், "பச்சை வேணும்னு பச்சையையே வெட்டுறீங்களேய்யா?" என்றாள்.

"உன் வண்டிக்கு இடம் போகுதேன்னு பேசுறே. இந்த மரம் வேணும்னு பெரிய மனுஷர் ஒருத்தர் சொல்லட்டும், விட்டுடறேன். நாளைக்குக் காலையிலே இங்கேயே தெரு ஜனத்தோட கூட்டம் வெச்சிருக்கேன், அதுக்குக் கூட்டிட்டு வா, பார்க்கலாம்!"

அந்தத் தெருவில் பெரிய மனுஷருக்கு எங்கே போவது? ரஞ்சிதம் வாதாடவில்லை. "சரிங்கய்யா. நாற்காலியெல்லாம் நானே போட்டுடறேன்" என்றாள்.

மறுநாள் காலைக் கூட்டத்துக்கு, வழக்கம்போல, உச்சி வெயிலில் வந்து இறங்கினார் ஆளவந்தார். ஜனமெல்லாம் மரத்தடியில் இருந்தது. அவர் நாற்காலி மட்டும், துண்டு விரித்து, நட்டநடுத் தெருவில் இருந்தது. உட்கார்ந்த வேகத்தில் சூடு தாங்காமல் துள்ளி எழுந்தார்.

"எவன்யா இங்கே போட்டது? அந்த மரத்தடிக்குத் தூக்குங்கய்யா!"

தூக்கினார்கள். நிழலில் சாய்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கேம்மா உன் பெரிய மனுஷர்?" என்றார்.

"வந்துட்டாருங்கய்யா. மரம் வேணும்னு இப்பத்தான் நாற்காலியோட வந்து உட்கார்ந்தாரு."

தெருவே சிரித்தது. ஊரறியக் கொடுத்த வாக்கு. ஆளவந்தார் வேறு வழியில்லாமல், மரம் வெட்ட வந்த ஆட்களைப் போகச் சொல்லத் திரும்பினார். அவர்கள் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, அதே நிழலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.