மரத்துக்கு அந்தப் பக்கம்

"கோச், ஆள் வச்சு இந்த மரத்தை அறுத்துப் போட்டுட்டா என்ன?" என்று கேட்டார் வைரவன்.

"போடலாம் சார். அடுத்த மழைக்கு இன்னொண்ணு விழும்" என்றாள் ரோஸ்லின்.

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைக்கு நடுவே போகும் மண்பாதையில் ஒரு சில்வர் ஓக் மரம் குறுக்கே கிடந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. மலை சைக்கிள்காரர்கள் வண்டியோடு எகிறித் தாண்டிப் போனார்கள். வைரவன் மட்டும் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கால் தடுக்காத குறையாக ஏறி இறங்குவார்.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவுக்கு அதில் பாதி. குருவே சிஷ்யனை 'சார்' என்று கூப்பிடும் அதிசயத்தைத் தேயிலைச் செடிகள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன. மரம் தாண்டும் பாடம் நடப்பது அவர் மகள் உமையாளுக்குத் தெரியாது.

"அறுக்கிற அளவுக்கு அது என்ன செஞ்சுது?"

"உமையாள் ஒரே எகிறு, போயிடறா. நான் தூக்கிட்டு நடந்து வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் நிக்கிறா."

"திட்டறாளா?"

"திட்டினாத் தேவலையே. ஒண்ணும் சொல்ல மாட்டா. என் பொண்ணுக்கு நான் பாரமாயிட்டேன், கோச். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஜெர்மனிக்குப் போறா. அதுக்குள்ள ஒரு தடவையாவது அவளை நிக்க வைக்காம..."

ஷூ நுனியால் மரத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

ரோஸ்லின் அவர் காலைப் பார்த்தாள்.

"ஷூவைக் கழட்டுங்க."

பெடலில் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும் விலை உயர்ந்த ஷூ அது. காலை இழுத்தால் சைக்கிளும் கூடவே வரும். அந்த நம்பிக்கையில்தான் அவர் மரத்தை நோக்கிப் போவார். பின் சக்கரம் எழும்பும், முன் சக்கரம் முட்டும். கால் பூட்டியபடியே மனிதர் சைக்கிளோடு புல்லில் சாய்வார்.

ரோஸ்லின் சாதாப் பெடலை மாட்டினாள். கான்வாஸ் ஷூவைக் கொடுத்தாள். பாதையில் ஒரு தேயிலைக் கொழுந்தைக் கிள்ளி வைத்தாள்.

"தாண்டுங்க."

"கேலியா?"

"தாண்டுங்க சார்."

அவர் இழுத்தார். கால்தான் மேலே வந்தது. சைக்கிள் அங்கேயே இருந்தது.

"ஏன் எழும்பறீங்க? முதல்ல அமுங்குங்க."

"எழும்பத்தானே வந்தேன்?"

"தரையை மிதிக்காம எங்கேருந்து எழும்புவீங்க?"

அமுங்கினார். முட்டியை மடக்கி, டயர் மண்ணில் நசுங்குகிற வரை. ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. இன்னொரு நாள் காலையில், யாரோ கீழிருந்து தள்ளிவிட்டது மாதிரி இரண்டு சக்கரமும் மண்ணை விட்டன. கொழுந்து அசையாமல் கிடந்தது.

ரோஸ்லின் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். "இவ்வளவு."

"ஒரு இலைக்கா?"

"அதான் நானும் கேக்கிறேன். எதைத் தாண்டினீங்க?"

வைரவனுக்குச் சின்னப் பிள்ளை போலச் சந்தோஷமாக இருந்தது.

"இனிமே அவ நிக்க வேண்டாம், கோச்."

"நிக்கிறப்ப அவ முகம் எப்படி இருக்கும்?"

"பாக்கிறதில்ல. வெக்கமா இருக்கும். குனிஞ்சுக்கிட்டே வந்துடுவேன்."

ரோஸ்லின் கொழுந்தை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மலையே இல்லை. மூடுபனி மட்டும் இருந்தது. உமையாள் முன்னால் போனாள். கொஞ்ச நேரம் அவள் சைக்கிள் சங்கிலிச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

பனிக்குள் ரோஸ்லின் நின்றிருந்தாள்.

"மரமே தெரியலையே, கோச்."

"அதுக்கும் உங்களைத் தெரியாது. போங்க."

போனார். வெள்ளைக்குள் வெள்ளையாகப் பாதை ஓடியது. சக்கரத்துக்குக் கீழே வேர்கள் கடகடத்தன, மரம் பக்கத்தில்தான். அமுங்கினார்.

பிறகு சத்தமே இல்லை.

கையில் பிடித்திருந்தது சைக்கிளா என்றுகூடத் தெரியவில்லை. காதோரம் ஈரமாக ஏதோ போயிற்று. இப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது. யூகலிப்டஸ் வாசம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

சொத்தென்று மண்.

தாண்டியிருந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. கத்த வேண்டும் போலிருந்தது. சைக்கிள் தானாக உருண்டது.

எதிரே பாதையோரம் ஓர் உருவம், சைக்கிளைப் பிடித்தபடி. டயர் சத்தம் கேட்டதும் அது அவசரமாகத் தன் வண்டியை இழுத்துக்கொண்டு வழிவிட்டது.

"நீங்க போங்கண்ணா" என்றாள் உமையாள். "எங்கப்பா நடந்து வந்துட்டிருக்காரு. அவரு வரட்டும், சேந்து போறோம்."