கோணல் முடிச்சு

கடிப்பதற்கு மட்டுமல்லாமல் பேசுவதற்கும் கொசுவுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், மலையடியில் நாணல்பள்ளம் என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் நாணல் மண்டிய சதுப்பு. சதுப்பின் கரையில் நின்ற ஈச்சமரத்தில் ஒரு தூக்கணாங்குருவி குடியிருந்தது. மனிதக் குழந்தைகளுக்கு உருவம் கொடுக்கிற வேலை அந்தக் குருவியுடையது. இவ்வளவு பெரிய வேலையை இத்துனூண்டு பிராணியிடம் யார் ஒப்படைத்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பாதிக் கூட்டைக் கட்டிவிட்டு, பெண்டாட்டி வந்து பார்த்துத் தலையாட்டும்வரை மீதிப் பாதியைத் தொடாமல் காத்திருக்கிற பிராணி அது. அந்தப் பொறுமை வேறு யாரிடமும் இல்லை என்று கொடுத்திருக்கலாம்.

வேலை இப்படி நடக்கும். ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனால் அவளும் அவள் புருஷனும் ஈச்சமரத்தடிக்குப் போவார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொருவர் தொப்புளுக்குள்ளும் இரண்டு இழைகள் இருந்தன. ஒன்று தாய் கொடுத்தது, மற்றது தகப்பன் கொடுத்தது. உருவ உருவக் குறையாத இழைகள். இழை நெடுக ஆயிரமாயிரம் முடிச்சுகள். ஒரு முடிச்சு மயிரைச் சுருட்டு என்று சொல்லும், இன்னொன்று மூக்கைச் சப்பையாக வை என்று சொல்லும், வேறொன்று பல்லை எப்போது முளைக்கவிடுவது என்று பார்த்துக்கொள்ளும். அவள் தன் இரண்டு இழைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு உருவிக் கொடுப்பாள். அவனும் அப்படியே ஒன்றைக் கொடுப்பான். குருவி இரண்டையும் சேர்த்து முறுக்கிவிடும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் அங்கே சட்டம். ஒரு பிள்ளைக்கு அப்பன் மூக்கும் அடுத்ததற்கு ஆத்தாள் மூக்கும் வந்ததெல்லாம் இப்படித்தான்.

அந்த ஊரில் செம்பி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பெயர் காடன். அவர்களுடைய தலைப்பிள்ளை மூன்றாம் மழைக்காலத்தில் குளிர்க்காய்ச்சல் கண்டு நான்கே நாளில் செத்துப்போனான். அவனைப் புதைத்த மறுநாள் சாயங்காலம் செம்பி நேராகச் சதுப்புக்குப் போய், நாணல் நுனியில் உட்கார்ந்திருந்த கொசுவைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ளைய எதுக்குடி கொன்னே?"

"நானா?" என்றது கொசு. "நான் கூடை சுமக்கறவ. கூடைக்குள்ள ஏறி உக்காந்துட்டு வர்றவன எறங்குன்னு சொல்ல எனக்கு அதிகாரமில்ல."

"யாரவன்?"

"பேரெல்லாம் கேட்டதில்ல. உங்க ரத்தத்துல மணி மணியா, உருண்டையா, மெத்துனு ஓடுது பாரு, அதுக்குள்ள குடிபோவான். உள்ளயே தின்னு, உள்ளயே பெத்துப் பெருகி, வீட்டை ஒடச்சுட்டுக் கூட்டமா வெளிய வருவான். அப்பத்தான் ஒடம்பு நடுங்கறது. வீடு தோதா இருக்கு, வர்றான். அதுக்கு நீ என்னைக் கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

பேசிக்கொண்டே அவள் புறங்கையில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொசு பறந்துவிட்டது.

செம்பி ஈச்சமரத்தடிக்கு வந்தாள். வீடு தோதாக இருக்கிறது என்ற பேச்சு அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. "குருவி, அந்த வீட்டைத் தோதில்லாமப் பண்ணிக் குடு" என்றாள்.

குருவி கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தது. "உன் ஒடம்பு நெய்து முடிச்ச துணி. அதைத் தொட முடியாது. பொறக்கப்போற புள்ளைக்குக் குடுக்கற இழையில வேணும்னா ஒரு முடிச்ச மாத்தலாம். ரத்தமணிய உருண்டையா வைன்னு சொல்ற முடிச்சு ஒன்னு இருக்கு. அதைக் கோணலாக் கட்டினா, அவன் உள்ள நொழைஞ்சதும் மணி சுருங்கி அரிவா மாதிரி வளைஞ்சுக்கும். அவனுக்கு உள்ள இருக்க முடியாது."

"அப்பக் கட்டு."

"ரெண்டு இழையில ஒன்னுலதான் கட்டுவேன். கோணல் காய்ச்சலத் தடுக்கும், நேரா இருக்கறது ஒடம்பத் தாங்கும்."

"நான் உருவறப்ப அந்தக் கோணல் இழை கைக்கு வராமப் போச்சுன்னா?"

"காடன் இழையிலயும் ஒன்னுல கட்டித் தர்றேன். யாராச்சும் ஒருத்தர் கையில வந்தாலும் போதும். ரெண்டு பேரு கையிலயும் வந்துட்டா என்னாகும்னு மட்டும் எனக்குத் தெரியாது. கட்டிப் பாத்ததில்ல."

தெரியாது என்று சொன்னதை, ஒன்றும் ஆகாது என்று சொன்னதாகவே செம்பி எடுத்துக்கொண்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

அடுத்து ஒரு பெண் பிறந்தாள். மருதி என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கும் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் முனகிக் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் எழுந்து கூழ் கேட்டாள். ஊரே வந்து பார்த்தது. பிறகு ஊரே ஈச்சமரத்தடியில் நின்றது. சதுப்புக்கு அக்கரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். குருவியும் முகம் கோணாமல் எல்லாருக்கும் முடிச்சைக் கோணலாக்கிக் கொடுத்தது. அந்த வருஷம் அதன் சொந்தக் கூடு பாதியிலேயே நின்றுபோனதாம்.

மருதிக்குப் பின்னால் பொன்னன் பிறந்தான். அவனுக்கு இழை கொடுத்தபோது செம்பி கையிலும் நேர் இழைதான் வந்தது, காடன் கையிலும் நேர் இழைதான் வந்தது. கண்ணை மூடி எடுத்தால் அப்படியும் வரும். பொன்னன் கொழுகொழுவென்று வளர்ந்தான். இரண்டாம் மழைக்காலத்தில் அண்ணன் போன வழியே போனான்.

இந்தத் தடவை செம்பிக்குத் துக்கத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. காப்பாற்றுகிற இழை தன் வயிற்றிலேயே இருந்தும், கண்ணை மூடிய பாவத்துக்கு அது கைக்கு வரவில்லையே என்று குமுறினாள். ஒரு கோணல் ஒரு பிள்ளையைக் காப்பாற்றுமானால், இரண்டு கோணல் இன்னும் கெட்டியாகக் காப்பாற்றாதா? கதவுக்கு ஒரு தாழ்ப்பாளுக்கு இரண்டு போட்டால் நல்லதுதானே? அவள் கணக்கில் தப்பு இருப்பதாக யாருக்குமே தோன்றியிருக்காது.

மறுபடி நாள் தள்ளிப்போனது. மரத்தடிக்குப் போகிற வழியில் அவள் காடனிடம் சொன்னாள்: "இழைய உருவறதுக்கு முன்னால நகத்தால தடவிப் பாரு. ஒரு எடத்துல கரடா நெருடும். அதைத்தான் எடுக்கோணும்."

காடன் தயங்கினான். "கண்ணை மூடச் சொல்லியிருக்குதல்ல?"

"மூடிக்க. வெரலை மூடச் சொல்லலியே."

இருவரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் நின்றார்கள். செம்பியின் விரல் முதல் இழையில் மேலும் கீழும் போய்விட்டு, இரண்டாவதில் ஓரிடத்தில் நின்றது. அதை உருவினாள். காடனும் தேடிப் பிடித்து உருவினான். குருவி இரண்டையும் வாங்கி முறுக்கத் தொடங்கியது. பாதியில் நிறுத்தியது.

"செம்பி, ரெண்டும் கோணல்."

"கண்ணை மூடிக்கிட்டுத்தானே எடுத்தோம்? முறுக்கு."

கொடுத்ததை முறுக்குவதுதான் குருவியின் வேலை. வேண்டாம் என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை. முறுக்கி முடித்தது.

நீலி பிறந்தாள். எட்டு மாதம்வரை ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் அவள் கைவிரல்களும் கால்விரல்களும் வீங்கின. தொட்டால் அலறினாள், தொடாவிட்டாலும் அலறினாள். கண்ணின் வெள்ளை மஞ்சளானது. வலி ஒரு வாரம் இருக்கும், போகும், முழங்காலுக்கு வரும், இடுப்புக்கு வரும். மழையில் நனைந்தால் வரும். தண்ணீர் குடிக்க மறந்தால் வரும். காய்ச்சலே வராத வெயில் நாளிலும் வரும். காய்ச்சலுக்கு எதிராக மட்டும் வளைய வேண்டிய ரத்தமணிகள், சும்மா இருக்கும்போதே வளைந்து, ஒன்றோடொன்று சிக்கி, சின்னச் சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துக்கொண்டன. நீலியைக் கடித்துப் பார்த்த கொசு செம்பியிடம் வந்து சொன்னது: "வீடே இடிஞ்சு கெடக்குதுடி. வந்தவனாலயும் குடியிருக்க முடியல, வீட்டுக்காரியாலயும் குடியிருக்க முடியல." கொசுவுக்கே அன்று மனசு கேட்கவில்லை.

செம்பி நீலியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். "அவுத்து நேராக் கட்டு."

"இவளும் நெய்து முடிச்ச துணி ஆயிட்டா, செம்பி. ஒவ்வொரு சொட்டு ரத்தத்துலயும் அந்த முடிச்சு இருக்குது. எத்தனைய அவுப்பேன்?"

"அப்ப ஊர்ல இருக்கற எல்லாக் கோணலையும் அறுத்துப் போடு. இனி ஒரு புள்ளைக்கும் இது வேண்டாம்."

"மருதிகிட்ட இருக்கறதையும் அறுக்கட்டுமா? நாளைக்கு அவ புள்ளைங்க மழைக்காலத்தத் தாண்டோணுமே."

ஒரு மகளுக்கு உயிர் கொடுத்ததும் அதே முடிச்சு, இன்னொரு மகளின் எலும்பைக் குடைவதும் அதே முடிச்சு. செம்பி நீலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்: "இழைய இனி யார் கையிலயும் குடுக்காத. கண்ணுக்குத் தெரியக் கூடாது, வெரலுக்கும் எட்டக் கூடாது. எவளும் என்ன மாதிரி தேடி எடுக்கக் கூடாது."

"எது யார்கிட்ட இருக்குதுன்னு அப்பறம் யாருக்குமே தெரியாமப் போயிருமே?"

"போகட்டும்."

குருவி எல்லார் இழையையும் உடம்பின் ஆழத்துக்குள், மயிரிழையைவிட மெல்லியதாகச் சுருட்டித் திணித்துவிட்டது. அத்தோடு வாயையும் மூடிக்கொண்டது. தூக்கணாங்குருவியிடம் இன்று நீங்கள் என்ன கேட்டாலும் கீச்சென்று மட்டும்தான் சொல்லும்.

வருஷங்கள் போயின. நீலிக்கு ஒன்பது வயது, பார்த்தால் ஆறு சொல்லலாம். மருதி பெரியவளாகிவிட்டாள். நாணல் அறுக்கப்போன இடத்தில் அக்கரைக்காரன் மாதனைப் பார்த்துப் பேசிப் பழகியிருந்தாள். மாதனும் சின்ன வயதில் குளிர்க்காய்ச்சலை இரண்டே நாளில் தாண்டியவன்தான். அவன் ஆத்தாள் காரி, சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தாள். முற்றத்தில் பாய் விரித்து, நடுவில் வெற்றிலைத் தட்டு வைத்தார்கள். காரி வெற்றிலையை எடுத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால் காடன் கேட்டான்: "நீலிய இன்னிக்கு ஒரு பொழுது எங்கண்ணன் வீட்டுல விட்டுட்டு வரட்டுமா?" அன்று நீலிக்குக் கால்வலி. கடைசியில் அவளை வீட்டுக்குள்ளேயே படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இழை யார் கண்ணுக்கும் படாது. அப்படி ஆக்கி வைத்தவளே செம்பிதான்.

காரி வெற்றிலைத் தட்டின் மேல் கையைக் கொண்டுபோனாள். உள்ளே நீலி முனகுவது செம்பிக்கு மட்டும் கேட்டது. சட்டென்று எழுந்து உள்ளே போனாள். நீலியைத் தூக்கி வந்து எல்லாருக்கும் நடுவில் உட்காரவைத்தாள்.

"இவளையும் பாத்துட்டு வெத்தலைய எடுங்க, அக்கா. இவ எஞ்சின்னவ. இவளுக்கு ரெண்டு பக்கமும் கோணல். நான்தான் வெரலால தடவித் தேடி எடுத்தேன்."

மருதி தலையைக் குனிந்துகொண்டாள். காரி வெற்றிலையை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டி, நீலியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கை தானாகவே அந்தப் பிள்ளையின் கெண்டைக்காலுக்குப் போனது. அமுக்கவில்லை, தேய்க்கவில்லை. உள்ளங்கைச் சூட்டை மட்டும் அங்கே வைத்துப் பொத்திக்கொண்டாள். நீலியின் முனகல் அடங்கியது. அமுக்கினால் உயிர் போகும், சூடு மட்டும்தான் வேண்டும் என்று கண்டுபிடிக்கச் செம்பிக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

காரி நீலியின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குக் கடைசியா ஒருத்தன் இருந்தான், தங்கச்சி. ஆறு வருசம் இருந்தான்."

"நீங்களும் தடவி..."

"இல்ல. நாங்க வெரலை அசைக்கக்கூட இல்ல. கண்ணை மூடி எடுத்ததே அப்படித்தான் வந்துச்சு." பிறகு குரல் தணிந்து சொன்னாள்: "நானும் சொல்லாம வெத்தலைய எடுத்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன்."

இரண்டு தாய்மாரும் தங்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். மாதன் ஒன்றும் புரியாதவன்போல உட்கார்ந்திருந்தான், பிறகு, தன்னிடம் ஒரு கோணல், மருதியிடம் ஒரு கோணல் என்று புரிந்துகொண்டான். மருதி எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று வெற்றிலையை யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் காரி உடனே கிளம்பவில்லை. நீலி தூங்கும்வரை அவளை மடியிலிருந்து இறக்காமல், பொழுது சாயும் நேரத்தில்தான் சதுப்பைக் கடந்து போனாள்.

மருதி ஒரு வருஷம் தாயோடு பேசவில்லை. பிறகு வேறொரு ஊரில், கோணல் எட்டாத வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். அவளுக்கு நான்கு பிள்ளைகள். காலைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளை அதில் ஒன்றும் இல்லை. அதைப் பார்க்க நீலி இல்லை, காரி வந்துபோன வருஷத்து மழைக்காலத்தோடு அவள் போய்விட்டாள்.

அன்று முதல்தான், அந்த மலையடியில் பெண் கேட்டுப் போகிறவள் வெற்றிலையைத் தொடுவதற்கு முன்னால், "உங்க வீட்டுப் புள்ளைங்க எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி, அதில் நோவுபட்ட பிள்ளை இருந்தால் முதலில் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள்.