வேண்டாதவன் என்றொரு செல்லப்பிள்ளை

அந்தக் காலத்தில் காய்ச்சலுக்குக் கால் இருந்தது, வாய் இருந்தது, திமிரும் கொஞ்சம் கூடவே இருந்தது. பறவையும் மிருகமும் மனிதரோடு பேசிய காலம் அது. போலந்து தேசத்தில் விஸ்துலா ஆற்றங்கரை ஊர்களில் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு காய்ச்சல்காரி வீடு வீடாக நடப்பாள். வீட்டில் எது உசத்தியோ அதைத்தான் எடுப்பாள். மட்டமானதைத் தொட அவளுக்குக் கௌரவம் இடம் தராது.

அந்தக் கரையில் டொப்ராவா என்றொருத்தி இருந்தாள். பிறந்த பிள்ளைகளுக்கு அன்பு, அமைதி, புகழ் என்றெல்லாம் பொருள் வரும்படி பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தாள். வாசலில் நின்று வாய் நிறையக் கூப்பிட்டாள். ஒன்றுவிடாமல் காய்ச்சல்காரி கொண்டுபோனாள். மறுபடி ஒரு மகன் பிறந்தபோது டொப்ராவாவுக்குச் சந்தோஷப்படவே பயமாக இருந்தது.

கூரைமேல் கூடு கட்டியிருந்த செங்கால் நாரை எட்டிப் பார்த்தது.

“இந்தத் தடவை என்ன பேரு? போன பிள்ளையை நீ கூப்பிட்டது, அந்தக் கோடியில மீன் பிடிச்சிட்டிருந்த எனக்கே கேட்டுச்சு.”

டொப்ராவாவுக்குச் சுருக்கென்றது. நாரைக்குக் கேட்டது அந்தப் பாவிக்குக் கேட்காதா? கூவிக் கூவி நானே வழி காட்டியிருக்கிறேனே!

மறுநாள் ஊரைக் கூட்டிப் பெயர் சொன்னாள்: “நியெலுப்.” யாருக்கும் பிடிக்காதவன் என்று பொருள். அவள் புருஷன் போகுமில் தலையில் அடித்துக்கொண்டான்.

“பெத்த பிள்ளைக்கு வைக்கிற பேரா இது?”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க,” என்றாள் டொப்ராவா.

குளிர் தொடங்கியதும் காய்ச்சல்காரி வந்து ஜன்னலைத் தட்டினாள். “உன் வீட்டுப் பொக்கிஷத்தைக் கொடு.”

“பொக்கிஷமா? இருந்ததையெல்லாம் நீதான் கொண்டுபோயிட்டியேக்கா. இது ஒண்ணுதான் கிடக்கு. பேரு நியெலுப். சதா அழுகை. எடுத்துட்டுப் போ, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. குழந்தையை ஜன்னல் வழியாக அவள் கையில் கொடுத்தே விட்டாள். போகுமில் பதறி எழுந்தான்.

காய்ச்சல்காரி குழந்தையைப் புரட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். “வேணாம்னு ஒதுக்கினதை என் தலையில கட்டப் பாக்கிறியா?”

“ஐயோ அக்கா, திருப்பித் தந்துடாதே! கொடுத்தது கொடுத்ததுதான்!” டொப்ராவா அவசரமாக ஜன்னலைச் சாத்தப் போனாள்.

“உன் சனியனை நீயே வச்சுக்கோ!” என்று குழந்தையை உள்ளே திணித்துவிட்டுக் காய்ச்சல்காரி விறுவிறுவென்று நடந்தாள். அவமானத்தில் அந்தத் தெருப்பக்கமே அப்புறம் வரவில்லை.

டொப்ராவா கதவைத் தாழிட்டாள். பிள்ளையை மார்போடு அணைத்துச் சத்தம் வெளியே போகாமல் சிரித்தாள், அழுதாள். அவன் காதில் மட்டும் “என் ராஜா” என்றாள். கூரைமேல் நாரை அலகைத் தட்டித் தட்டிக் கொண்டாடியது. நியெலுப் வளர்ந்து, தாடி நரைத்து, பேரன் பேத்தி கண்டான்.

அந்த நாள் தொட்டுத்தான் அந்தத் தேசத்தில் பெற்றவர்கள் பிள்ளைகளுக்குக் கசப்பான பெயர்களை வைத்தார்கள். பழைய பிறப்புப் பதிவேட்டில் வேண்டாதவன், பிடிக்காதவன் என்று யாரையாவது கண்டால் ஐயோ பாவம் என்று சொல்லிவிடாதீர்கள். நம் ஊர்க் குப்பம்மாளுக்கும் பிச்சைக்கும் அவன் பங்காளி. அந்த வீட்டில் ஒரு தாய் ஜெயித்திருக்கிறாள்.